எழுதாமல் விட்ட கட்டம்

பிள்ளைகளே, ரங்கூனில் எனக்கு ஒரு பெண்பிள்ளைப் பெயர் வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் ஒரு சீட்டுக்காக ஆபீஸ் போயிருந்தேன். பர்மாக்கார குமாஸ்தா "லூம்யோ?" என்றார். என்ன இனம் என்று கேட்கிறாராம். சௌராஷ்டிரர், மதுரை, நெசவுக்குடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒரே ஒரு சொல்லை எழுதி வாசித்தார்: "கலா." நான் பதறி, "எங்க வீட்டுல கலான்னு யாருமில்லீங்க, எம் பேரு ரங்கசாமி" என்றேன். பக்கத்தில் நின்ற தமிழர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடல் தாண்டி வந்த இந்தியர் எல்லோருக்கும் இங்கே அதுதான் பெயராம். பூணூல் போட்டவர், போடாதவர், தொடக்கூடாதவர் எல்லோரும் ஒரே கட்டத்துக்குள். எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

சரசு, வாத்தியார் வேலைக்கான டிரெயினிங் பாரத்தைக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறாய். 'வகுப்பு' என்ற கட்டத்தில் என்ன எழுத என்றும் கேட்டிருக்கிறாய். அந்தக் கட்டம் எனக்குப் பழக்கமானதுதான். உன் வயதில், மதுரையில், சர்க்கார் குமாஸ்தா வேலைக்கு நானும் ஒரு பாரம் வாங்கினேன். இன்ன வகுப்புக்கு இத்தனை இடம் என்று அப்போதுதான் ஒதுக்கத் தொடங்கியிருந்தார்கள். தெருவெல்லாம் அதே பேச்சு. பிராமணர் என்று எழுது, நம்மை அப்படி ஒத்துக்கொள்ள வைக்க எத்தனை வருஷம் வழக்காடியிருக்கிறோம் என்றார் உன் தாத்தா. பிராமணர் அல்லாதார் என்று எழுதினால் இடம் கிடைக்கும் என்றார்கள் தறிக்காரர்கள். இருவரையும் நோகடிக்காமல் நான் 'சௌராஷ்டிரர்' என்று எழுதினேன்.

ஆபீஸ்காரர் பார்த்துவிட்டு, "தம்பி, நான் கேட்டது சாதி. நீ ஊர் பேர எழுதியிருக்க. ரெண்டுல எதுன்னு யோசிச்சு வா" என்று அதை அடித்துவிட்டுப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசித் தேதி போய்விட்டது.

என்னோடு படித்த கருப்பையாவுக்கு வேலை கிடைத்தது. வில்லாபுரம் பக்கத்துச் சேரிக்காரன். பள்ளிக்கூடத்துப் பானையை அவன் தொடக்கூடாது. நான்தான் அவன் கையில் தண்ணீர் ஊற்றுவேன். அதை நட்பு என்று நினைத்திருந்தேன். என் இடத்தை அவன் எடுத்துக்கொண்டான் என்று தெருவில் சொன்னார்கள். நானும் நம்பி, அவனிடமே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அவன் சிரித்தான்.

"ஒனக்கு எழுத ரெண்டு இருந்துச்சு, முழிச்ச. எனக்கு ஒண்ணுதேன். சட்டுனு எழுதிட்டேன்."

அந்த வார்த்தை கப்பலிலும் என்னோடு வந்தது. கேட்காமல் விட்ட இடத்தை யார் பறிக்க முடியும்? அந்தக் கட்டம் எதற்கு என்பதும் மெள்ளத்தான் புரிந்தது. உன் சாதி எம்புட்டு உசத்தி என்று அது கேட்கவில்லை. இதுவரை யாரை வாசலில் நிறுத்தியிருந்தோம் என்றுதான் கேட்கிறது.

நம்மை எந்த வாசலில் நிறுத்தினார்கள், நாம் யாரை நிறுத்தினோம் என்று அம்மாவிடமும் தாத்தாவிடமும் கேள். உண்மை என்று பட்டதை உன் கையால் எழுது. தாத்தாவுக்குப் பயந்தும் எழுதாதே, எனக்குப் பயந்தும் எழுதாதே. வெறுமையாக மட்டும் விட்டுவிடாதே.

பாரத்தின் அடியில் 'தகப்பனார் சொந்த ஊர்' என்று இருந்தது. நம் முன்னோர் விட்டு வந்த சௌராஷ்டிர தேசத்தை நான் கண்டதில்லை. வீட்டில் பேசும் பேச்சில் மட்டும் அது இருக்கிறது. ரொம்ப நேரம் கழித்து 'மதுரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கடிதம் எழுதுமுன் நேற்றே தபாலாபீஸில் பாரத்தைத் தனி உறையில் கொடுத்துவிட்டு நகர்ந்தபோது, தபால்தலை ஒட்ட மறந்ததற்காகப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்: "கலா!"

சட்டென்று திரும்பினேன்.