நிக்கோலாசா எரிக்காத சட்டை

எங்கள் மலைப்பக்கத்தில் ஒரு பெண்ணின் சட்டையைப் பார்த்தாலே அவள் எந்த ஊர்க்காரி என்று தெரிந்துவிடும். எங்களுடையது நீலத்தில் பச்சைக் கோடு. மேட்டுக்கு அந்தப்பக்கத்துப் பெண்கள் சிவப்பில் பறவை நெய்வார்கள். ராணுவம் மலையேறிய வருஷம் சிப்பாய்கள் அந்தப்பக்கத்து ஊரைக் கொளுத்தினார்கள். தப்பி ஓடியவர்களை, மலையைவிட்டு வெளியேறும் ஒரே பாலத்தில் நின்று சட்டையைப் பார்த்தே பிடித்தார்கள்.

என் அண்ணி நிக்கோலாசா சோளமாவைத் தோகையில் பொதிந்து தமால் அவித்து, சந்தையில் விற்றுப் பிழைத்தவள். கடற்கரைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போன அண்ணன் காய்ச்சலில் செத்தபின், நானும் அவளும் ஒரே முற்றத்தில் இருந்தோம். ஓயாத வாய் அவளுக்கு. என் சமையலை நாய்கூட மோந்துவிட்டுப் போய்விடும் என்பாள்.

ஒரு மத்தியானம் சோளக்கொல்லைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். பிள்ளைத்தாய்ச்சி. சிவப்புச் சட்டை. நான் கதவைச் சாத்தப் போனேன். அண்ணியோ சோளக்கஞ்சி கொடுத்து, திருவிழாவுக்கென்று வைத்திருந்த தன் நீலச் சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டாள். தொளதொளவென்றிருந்தது, வயிற்றுக்கு வசதி. தமால் கூடையை அவள் தலையில் ஏற்றி, கூடவே நடந்து, பாலத்தைத் தாண்டி விட்டுவிட்டு வந்தாள். சிப்பாய்கள் கூடையிலிருந்து எடுத்துத் தின்றார்களாம், காசு தரவில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சிவப்புச் சட்டை எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

"அடுப்புல போடு அண்ணி. அது நம்ம ரெண்டு பேரையும் கொன்னுடும்."

"அவ அம்மா நெய்ஞ்சதாம். அந்தம்மாவ வீட்டோட கொளுத்திட்டானுங்க. மிச்சம் இது ஒண்ணுதான். இதையும் நான் கொளுத்தணுமா?"

இன்னொருத்தி நெய்ததை எரிக்க எங்களில் யாருக்கும் கை வராது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் கத்தினேன். அந்தப் பெண் திரும்பி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்பதையே அண்ணி திருப்பித் திருப்பிச் சொன்னாள். அண்ணி சந்தைக்குப் போயிருந்தபோது வீட்டைப் புரட்டித் தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை. சிப்பாய்களுக்குக் கிடைத்துவிட்டது.

கூரைக்குள்ளிருந்து உருவினார்கள். யாருடையது என்று அதிகாரி என்னைப் பார்த்துத்தான் கேட்டான். நான் வாய் திறக்குமுன் அண்ணி முந்திக்கொண்டாள்.

"என்னோடது. நான் அந்த ஊர்க்காரி. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

போட்டுக் காட்டச் சொன்னான். அண்ணி பருத்த உடம்புக்காரி. தோளோடு இறுக்கிப் பிடித்தது, கை முழுதாக நுழையவில்லை. அவளுடையதல்ல என்று குருடனுக்கும் தெரிந்திருக்கும். அப்படியே இழுத்துக்கொண்டு போனார்கள். படைமுகாம் வாசலில் எத்தனையோ நாள் போய் நின்றேன். அப்படி ஒருத்தி இங்கே வரவேயில்லை என்றார்கள்.

சண்டையெல்லாம் ஓய்ந்தபின் ஒருநாள் வாசலில் அந்தப் பெண், கையில் ஒரு பெண்குழந்தையோடு. துவைத்து மடித்த நீலச் சட்டையை நீட்டினாள். கிழிந்த இடத்தை அதே நிற நூலால் தைத்திருந்தாள். அக்கா எங்கே என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு தயங்கி, "என் சட்டை இருக்கா? எங்கம்மா நெய்ஞ்சது" என்றாள்.

இவளைப் பார்த்தால் கோபம் வரும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். வரவில்லை.

"பத்திரமாத்தான் வெச்சிருந்தா," என்றேன். "கடைசியில அவளே போட்டுக்கிட்டுப் போயிட்டாம்மா. இன்னும் வரல."