கேட்டக்கா ரோட்டு வழியாக வந்த நாள்

ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர்களுக்கென்று ஒரு திமிர் உண்டு. கேட்டைப் பார்த்துக்கொண்டதால் கேட்டக்கா என்றே பேர் வாங்கியவளுக்கு அது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. லைனில் வருவதற்குத்தான் முதல் வழி. ரோட்டில் வருவது எத்தனை பெரிய மனிதனின் காராக இருந்தாலும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். இது அவளுடைய சட்டம். அவளைக் கட்டிக்கொண்டவன் ஒரு லாரி டிரைவர். அவன் அவளை முதன்முதலில் பார்த்ததே, அவள் மூடிவைத்த கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு நின்றபோதுதான். கல்யாணத்துக்குப் பிறகும் அவனுக்காக அவள் ஒரு நாள்கூடக் கேட்டை முன்கூட்டித் திறந்ததில்லை. “வீட்டுலயும் வெயிட்டிங், ரோட்டுலயும் வெயிட்டிங்” என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்த லைனில் ரயில் நின்றுபோயிற்று. சில வருஷம் புல்லும் முள்ளுமாகக் கிடந்தது. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து, ஜல்லியை அள்ளி, தார் போட்டு, சைக்கிள்காரர்களுக்கும் நடக்கிறவர்களுக்குமான பாதையாக்கிவிட்டார்கள். கேட்டையும் கழற்றிக்கொண்டு போனார்கள். கேட்டக்காவை மட்டும் கழற்ற முடியவில்லை. பாதையைப் பெருக்கவும், மோட்டார் பைக்குகள் நுழையாமல் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டுமே. அதே கேட் அறை, அதே நாற்காலி, சம்பளம் மட்டும் வேறு ஆபீஸிலிருந்து வந்தது.

ஆனால் சட்டம் தலைகீழாகிவிட்டது. பாதை அங்கே ஒரு குன்றைப் பிளந்த வெட்டு வழியாகச் சரிவில் இறங்கி வரும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். வெட்டின் வாய்க்கு வந்தால்தான் ரோடு கண்ணுக்குத் தெரியும். ரோட்டில் வருபவனுக்கும் அப்போதுதான் சைக்கிள் தெரியும். அதனால் வெட்டுக்குள்ளேயே பெரிய போர்டு வைத்திருந்தார்கள், சைக்கிளை விட்டு இறங்கி, நின்று பார்த்து, தள்ளிக்கொண்டு கடக்கச் சொல்லி. இனிமேல் ரோட்டுக்குத்தான் முதல் வழி. கேட்டக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஒரே மகள். டவுனில் கண்ணாடிக் கடையில் வேலை. முன்பு இரண்டு பஸ் மாறி, கசங்கிப் போய்ச் சேருவாள். பாதை வந்த பிறகு சைக்கிள்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மாவின் போனுக்கு இரண்டு ரிங் விட்டு கட் பண்ணுவாள். ரயில் கிளம்பிவிட்டது என்று முன்பு ஸ்டேஷனிலிருந்து போன் வருமே, அதே மாதிரி. அந்த இரண்டு ரிங் கேட்டதும் கேட்டக்காவின் கை தானாகச் சிவப்புக் கொடியைத் தேடும். மகள் வெட்டுக்குள் வளைவு திரும்பும்போது சைக்கிள் மணியை இரண்டு முறை அடிப்பாள். இவள் நடுரோட்டில் போய்க் கொடியைக் காட்டி நிற்பாள். இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் லாரி, எல்லாம் நிற்கும். மகள் சரிவில் வந்த வேகம் குறையாமல் பறந்து போவாள். நீ இறங்கவே வேண்டாம், நான் இருக்கேன்ல என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தாள். பெற்றவளுக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ஆஸ்பத்திரி நர்சுகள், வேலைக்குப் போகிறவர்கள் என்று ஒவ்வொருவராக வளைவில் மணி அடிக்கப் பழகிக்கொண்டார்கள். கேட்டக்கா எல்லோருக்கும் ரோட்டை மறித்தாள். போர்டு காக்கைக்குத்தான் பயன்பட்டது.

பஸ்காரர்கள் புகார் கொடுத்தார்கள். பாதைக்குப் பொறுப்பான அதிகாரி தங்கமான மனிதர், நேரிலேயே வந்து பக்குவமாக எடுத்துச் சொன்னார். சரி சார், சரி சார் என்று தலையாட்டிவிட்டு, அவருடைய ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் கொடியைத் தூக்கினாள். தலையாட்டுவதில் என்ன செலவு?

அன்று காலை அதிகாரி மறுபடி வந்தார். தூரத்திலிருந்தே அவள் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார். பேச்சை வளர்க்கவில்லை, ஆபீசுக்கு வாங்க என்றார். மகளுக்கு அன்று மதிய ஷிப்ட். அதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

ஆபீசில் பெஞ்சிலேயே காலை முழுக்கப் போயிற்று. ஒருவழியாக உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி சொல்ல ஆரம்பித்தார். நாளைக்கு ஓர் உயிர் போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நான் இருக்கிறவரைக்கும் எவன் உயிர் போகும் என்று இவள் மனசுக்குள் முறைத்துக்கொண்டிருந்தாள்.

மடியில் இருந்த போன் இரண்டு முறை அடித்து நின்றது.

கேட்டக்கா மடியிலிருந்து போனை உருவினாள். லைனில் வண்டி கிளம்பிவிட்டது, கேட்டில் ஆள் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் கனவில்கூட நடக்காதது இது. உடனே திருப்பிக் கூப்பிட்டாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது, மகள் எடுக்கவில்லை. சைக்கிள் ஓட்டும்போது போனைத் தொடாதே என்று கண்டித்து வளர்த்தவளே இவள்தான். மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதே கதை.

“சார், என் பொண்ணு கிளம்பிட்டா.”

அதனால் என்ன, அங்கேதான் போர்டு இருக்கிறதே என்றார் அவர்.

“அவ போர்டைப் பாக்க மாட்டா சார். நிக்கவும் மாட்டா. நான்தான் நிக்காம வான்னு சொல்லி வெச்சிருக்கேன். அவ மட்டும் இல்ல, அங்க யாருமே நிக்க மாட்டாங்க.”

அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

டவுனைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. முன்னால் ஒரு பஸ் அன்னநடை போட்டது. எதிரில் லாரிக்குப் பின்னால் லாரி. அதில் ஒன்று தன் புருஷனுடைய லாரியாகவும் இருக்கலாம் என்று தோன்றிவிட்டது, அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமா போங்க சார் என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சு வரவில்லை. அவரும் மிதித்தார். புழுதிக்காக ஏற்றிவிட்ட ஜீப்பின் ஜன்னல் கண்ணாடி அப்படியே இருந்தது.

கடைசியில் கேட் அறை தெரிந்தது. பூட்டு போட்டபடி நின்றது. ரோட்டில் கூட்டம் இல்லை, யாரும் விழுந்து கிடக்கவில்லை. கேட்டக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். எத்தனையோ வருஷமாக அந்த வெட்டுக்குள் எறும்பு ஊர்ந்தாலும் கேட்கும் காது அது. மணிச் சத்தமே இல்லை. நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“மணி கேக்கலை சார். அவ இன்னும் வளைவுக்கே வரலை. மிதிங்க, முன்னாடி போய் நின்னுக்கலாம்.”

அவர் மிதித்தார்.

வெட்டின் வாயிலிருந்து மஞ்சள் சட்டை ஒன்று பாய்ந்து வெளியே வந்தது. கேட்டக்கா கத்தினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. பிரேக் கிறீச்சிட்டு, ஜீப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், ரோட்டுக்குக் குறுக்காக நின்றது. சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் ஜீப்புக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய இடம் இருந்திருக்காது. மகள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பூட்டிக் கிடந்த அறையைப் பார்த்து இடது கையை ஆட்டிவிட்டு, எதிர்ப் பக்கப் பாதையில் நுழைந்து மறைந்தாள்.

அதிகாரி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இன்ஜின் அணைந்து போயிருந்தது. கேட்டக்கா கதவைத் திறந்து இறங்கினாள். பெற்ற மகளைக் கொன்றுவிடப் பார்த்தேனே என்று வாய்விட்டுச் சொன்னாள். அதைக் கேட்க அதிகாரியைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

அப்போது வெட்டுக்குள்ளிருந்து மணி இரண்டு முறை அடித்தது. தெளிவாக, பக்கத்தில் அடிப்பது போலக் கேட்டது.

கேட்டக்கா ஓடினாள். ரோட்டுக்கு இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெட்டின் வாயில், பாதையின் நடுவே கையை விரித்து நின்றாள். சரிவில் வந்துகொண்டிருந்தவர் வாத்தியார். ஒதுங்குங்க, ஒதுங்குங்க என்று சத்தம் போட்டார். அவள் அசையவில்லை. அவர் பிரேக்கைப் பிடித்து, சைக்கிள் சறுக்கி, ஓரத்துப் புதரில் போய் விழுந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தவருக்குக் கோபத்தில் பேச்சு குழறியது.

“என்னக்கா இது? மணி அடிச்சேனே. வழக்கம் போல ரெண்டு தடவை அடிச்சேனே.”

“அடிச்சீங்க. அவளும் அடிச்சிருப்பா” என்றாள் கேட்டக்கா. “நான் இன்னிக்கு ரோட்டு வழியா வந்தேன் சார். எனக்கே கேக்கல.”