கேட்டில் ஒட்டிய பதினொரு விதிகள்

என் அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஊர், வீடு, பெற்ற மகள் என்று ஒவ்வொன்றாக மறந்துபோய், கடைசியில் அந்த வேலை மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. அதிலும் ஒரு பழக்கம் விட்டுப்போகவே இல்லை. டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். தினக் காலண்டர் கைக்கு அகப்பட்டால் போதும். விரலை நக்கி ஒரு தாள், மறுபடி நக்கி இன்னொரு தாள். எங்கள் வீட்டில் ஆவணியிலேயே தீபாவளி முடிந்துவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அது கொரோனாவின் இரண்டாவது அலை அடங்கிக்கொண்டிருந்த நேரம். அப்பாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. “இவருக்கு வராமப் பாத்துக்கங்க டீச்சர். வந்துட்டா தாங்க மாட்டாரு” என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். கதவு, நாற்காலி, இன்னொருத்தர் கை என்று அப்பா எதைத் தொட்டாலும் அடுத்த நிமிஷம் அந்த விரல் வாய்க்குப் போய்விடும். அவர் கையைக் கழுவிக் கழுவி என் கையில்தான் தோல் உரிந்தது. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன். நக்கிவிட்டு என் மேலேயே துப்பினார்.

பள்ளிக்கூடம் மூடியிருந்தவரை நான் ஒருத்தியே சமாளித்தேன். அம்மா இல்லை. அண்ணன் துபாயில் இருந்துகொண்டு யோசனை மட்டும் அனுப்புவான். பால்காரரைக்கூடக் கேட்டுக்கு வெளியேதான் நிறுத்தினேன். ஒரு கிருமியையும் உள்ளே விடவில்லை என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது, மறைப்பானேன்.

பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். போகாமல் முடியாது. அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் புதுக்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் வர வேண்டும். எத்தனை பேர் தொட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாரோ.

அன்னவாசலுக்கு அங்கிட்டு ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். இதற்கு முன் இரண்டு வீடுகளில் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டவர். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் அக்காவை வரவேற்றது நான் கேட்டில் ஒட்டிவைத்திருந்த பதினொரு விதிகள். இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். வந்தவுடன் வெளிக் குளியலறையில் குளித்து வேறு சேலை மாற்ற வேண்டும். முகக்கவசத்தை எந்தக் காரணத்துக்கும் இறக்கக் கூடாது. இப்படி வரிசையாக, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு. அக்கா நின்று நிதானமாகப் படித்தார்.

“பரீச்சை வப்பீங்களா டீச்சர்?” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேறு ஆள் கிடைக்காது என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

முதல் நாளே தகராறு. முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி உள்ளே வருவதைப் பார்த்த அப்பா, “பாஸக் காட்டும்மா” என்றார். நான் ஜாடை காட்ட, அக்கா பையைத் துழாவி ஆதார் அட்டையை நீட்டினார். அப்பா படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“துணிய எறக்கும்மா. போட்டோவுல முழு மூஞ்சி இருக்கு. இங்க பாதிதானே இருக்கு? யாரு பாஸு இது?”

மூன்றாம் விதிப்படி இறக்கக் கூடாது. இறக்காவிட்டால் அப்பா விட மாட்டார். காலைச் சாப்பாட்டை அக்கா கையால் வாங்க மறுத்து, அக்காவை நடுவழியில் இறக்கிவிடப் போவதாகச் சத்தம் போட்டார். மறுநாள் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். வாசல் ஜன்னலுக்கு வெளியே நாலடி தள்ளி நின்று முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். உள்ளேயிருந்து அப்பா அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, “சரி, ஏறு” என்றார். அக்கா முகத்தை மூடிக்கொண்டு குளிக்கப் போனார். தினமும் காலையில் இதுதான் நடந்தது.

விரல் விஷயத்தையும் அவர்தான் முடித்துவைத்தார். வங்கியில் பணம் எண்ணுகிறவர்கள் விரலை நனைத்துக்கொள்ள ஒரு சின்ன டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்திருப்பார்களே, அதில் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்தார். நான் கொடுத்திருந்தால் அப்பா விட்டெறிந்திருப்பார். அக்கா அவர் எதிரில் கை கட்டி நின்றார்.

“டெப்போவுல குடுத்துவிட்டாங்கய்யா. இனிமே எச்சி தொட்டுக் கிழிக்கக் கூடாதாம். மேனேஜர் உத்தரவு.”

அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வாங்குனதுக்குக் கையெழுத்துப் போட வேணாமா?” என்றார். அக்கா தயாராக ஒரு நோட்டை நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு பத்துத் தடவைக்கு எட்டுத் தடவை விரல் பஞ்சுக்குத்தான் போனது. மாதக்கணக்கில் நான் கெஞ்சியும் மிரட்டியும் நடக்காதது ஒரு கையெழுத்தில் நடந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும்தான்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. நான் சாயங்காலம் வந்து, குளித்து, முகக்கவசத்தோடு கூடத்துக்கு வருவேன். அக்கா கிளம்புவார். ஒருநாள் நல்ல மழை. அக்காவால் பஸ்ஸுக்குப் போக முடியவில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடு கத்திவிட்டு வந்த எனக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது. டீ போட்டு அக்கா கையில் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீயை முகக்கவசத்தோடு குடிக்க முடியுமா? இரண்டு பேரும் இறக்கினோம். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினோம்.

மறுநாள் விடியும்போது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. உடம்பு கொதித்தது. பத்தாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அந்த வாரம் காய்ச்சலென்று வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு கிருமியையும் உள்ளே விடாதவள் நானே சுமந்துகொண்டு வந்துவிட்டேனா? முந்தின நாள் ராத்திரி அப்பாவுக்குச் சட்டை மாற்றிவிட்டதும் நான்தானே. அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

“எனக்குக் காச்சல்க்கா. டெஸ்ட் எடுக்கப் போறேன். நீங்க வராதீங்க.”

“நேத்து ஒங்க கையால டீ வாங்கிக் குடிச்சேனே டீச்சர்” என்றார்.

“ஆமாக்கா.”

“எங்க வீட்டுல பச்சப்புள்ள இருக்கு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விவரத்தை அப்போதுதான் சொன்னார். அவர் மகள் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். அக்கா என்னிடம் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் ராத்திரி பிள்ளை பிறந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் வேண்டாமென்று அனுப்பிவிடுவேனோ என்று பயந்தாராம். தினமும் எங்கள் வீட்டிலிருந்து திரும்பியதும் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குளித்து, சேலையைச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் உள்ளே போவாராம். பிள்ளையை வாசற்படியில் நின்று பார்ப்பதோடு சரி.

“ஒங்களப் பாத்துத்தான் எனக்குப் பயம் டீச்சர். எம்புட்டுப் புள்ளைக மத்தியில இருந்துட்டு வாரீங்க. இன்னும் நா அதத் தூக்கவே இல்ல.”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அக்காவைப் பார்த்துப் பயம். அக்காவுக்கு என்னைப் பார்த்துப் பயம். என் வீடு இன்னொரு வீட்டுக்கு ஆபத்தாக இருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. பதினொரு விதியும் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான். நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றுகூட எழுதியிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

“இப்ப என்னக்கா செய்யிறது?”

“இங்கிட்டு இருந்தா புள்ளைக்குப் பயம். நீங்க மாடியில இருந்துக்கங்க. நா கீழ அய்யாவப் பாத்துக்கிட்டு அங்கயே தங்கிர்றேன். ரிசல்ட்டு வரட்டும்.”

அவர் தம்பி வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். நான் அரசு ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சியை விட்டுக்கொண்டு வந்து மாடியறையில் அடைந்தேன். இரண்டு நாள். கீழே அப்பா இருமினால் எழுந்து உட்காருவேன். இருமல் நின்றால் ஏன் நின்றது என்று பயப்படுவேன். சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு அக்கா கீழிருந்தே சொல்வார்: “அய்யாவுக்குச் சூடு இல்ல டீச்சர். ரெண்டு இட்டிலி சாப்பிட்டாரு. மேனேஜர் லீவான்னு ஒங்களக் கேக்குறாரு.” டப்பா வந்ததிலிருந்து அப்பாவுக்கு நான் மகள் இல்லை, டெப்போ மேனேஜர். அதைக் கேட்டு அந்தக் காய்ச்சலிலும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் போனில் செய்தி வந்தது. தொற்று இல்லை. நம்பாமல் என் பெயரையும் வயதையும் மூன்று தடவை சரிபார்த்தேன். வெறும் மழைக் காய்ச்சல். தடதடவென்று பாதிப் படி வரை இறங்கி, “இல்லக்கா! ஒன்னும் இல்லையாம்!” என்று கத்தினேன். அப்பாவைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சளி இருந்ததால் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டேன்.

அக்கா கைகளைச் சேலையில் துடைத்தபடி நின்றார். “அப்ப நா வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா? காலையில வந்துர்றேன்.”

“காலையில வர வேணாங்க்கா. நா பத்து நாள் லீவு போடுறேன். நீங்க போயிப் புள்ளையத் தூக்குங்க.”

“பத்து நாள் கழிச்சு?”

“அப்பப் பாத்துக்கலாம். ரெண்டு வீட்டுக்கும் சேத்து யோசிப்போம்.”

அக்கா எங்கள் வீட்டிலேயே தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் வீடியோவில் அழைப்பு வந்தது. அவர் மகள் போனைப் பிடித்திருந்தாள். அக்கா சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துணிச்சுருள் மாதிரி அந்தப் பிள்ளை. முகக்கவசம் இல்லாமல் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது இரண்டாவது தடவை. நான் பார்ப்பதே அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. குனிந்து, பிள்ளையின் உச்சியில் மூக்கை வைத்து, மூச்சை உள்ளே இழுத்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.