கவைக்குக் கீழே ஒடித்த கொம்பு

மாட்டுங்காவில் அரிசிக்குத்தான் பஞ்சம், வதந்திக்கு இல்லை. கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில் ராஜலக்ஷ்மி மாமி என்பவள், கட்டடத்துச் செக்ரட்டரி பஞ்சு மாமாவுக்கு ரசத்தில் ஊமத்தை விதையை அரைத்துக் கலந்து கொடுத்துவிட்டாளாம். அன்று முதல் சித்தம் கலங்கி, வெங்காயம்கூடச் சேர்க்காத அந்த மனிதர், விடிந்தால் வாளியும் கையுமாக மீன் மார்க்கெட்டில் நிற்கிறாராம். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே இதைச் சொன்னவர், "பாவம், நல்ல மனுஷன்" என்று முடித்தார். முகத்தில் தீபாவளி.

சயான் கோலிவாடாவில் விசாரித்தால், 'வாளி சேட்' என்றால் அங்கே மீன் விற்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "க்யா சேட், மச்சி நஹீ, காலி பானி?" என்று, மீனில்லாமல் வெறும் தண்ணீரா எனக் கேட்டு அவர்கள் சிரித்ததும், அவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மீன் கழுவின தண்ணீரை மட்டும் வாங்கிப் போனதும் நிஜம். ரசம்தான் பொய். ராஜலக்ஷ்மி மாமி பஞ்சுவுக்கு ஒரு டம்ளர் மோர்கூடக் கொடுத்ததில்லை. அவள் கொடுத்தது ஒரு கொம்பு. அதன் கதை அடுத்த வீட்டு அகிலாண்டத்துக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். மாமியும் எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் அப்புறம் அதில் என்ன ருசி?

மாமி பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவர் கிட்டு ரயில்வே கணக்கு ஆபீஸில் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் டைபாய்டு கொண்டுபோய்விட்டது. பிள்ளை குட்டி இல்லை. "ஊருக்கே போயிடேன்" என்று புத்தி சொன்ன உறவுக்காரர்களில் ஒருவரும் டிக்கெட் எடுத்துத் தராததால், டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் சேர்ந்துகொண்டாள்.

அந்தக் கம்பெனித் துரை பங்களாவில் கத்தரித்து எறிந்த கொம்பு ஒன்றைத்தான் ஒருநாள் ரயிலில் லேடீஸ் டப்பாவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஊமத்தைக்கு அக்காள் முறையாக வேண்டிய செடி. நம் ஊமத்தை வானத்தைப் பார்த்துப் பூக்கும். இது முழ நீளப் பூவைத் தலைகீழாகத் தொங்கவிடும். வெள்ளைக்காரன் இதற்குத் தேவதையின் எக்காளம் என்று பெயர் வைத்திருக்கிறான். பகலெல்லாம் ஒன்றும் தெரியாதது போல இருந்துவிட்டு, விளக்கு வைத்ததும் மாடிப்படி வரை மணக்கும். இலை, பூ, விதை எல்லாமே விஷம். தொட்ட கையோடு கண்ணைக் கசக்கினால் அன்றைக்குப் பஸ் நம்பர் படிக்க முடியாது.

டால்டா டின்னில் வேர் பிடித்ததும், காம்பவுண்டுச் சுவரோரம், தரைத்தள ஜன்னலை ஒட்டி, வேப்பமர நிழலில் மண்ணில் இறக்கினாள். கட்டடத்தில் சிமெண்டு போடாமல் விட்டிருந்த இடம் அது ஒன்றுதான். செடி ஆளை மிஞ்சி வளர்ந்தது. ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் கீழே சற்று நிற்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் பஞ்சுவுக்கு ஸ்கூட்டர் வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சூப்பரிண்டெண்ட், கட்டடத்துக்குச் செக்ரட்டரி, தரைத்தளத்தில் ஜாகை. இத்தனை யோக்கியதை உள்ளவரின் ஸ்கூட்டர் மழையில் நனையலாமா? மாமி ஆபீஸ் போயிருந்த பகலில் செடியை வெட்டிச் சாய்த்து, அந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டார்.

"விஷச் செடி மாமி. கொழந்தேள் ஓடியாடற எடம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"இத்தனை வருஷத்துல எந்தக் கொழந்தைக்கு என்ன ஆச்சு மாமா?"

"ஆகலியோன்னோ? அதான் வெட்டினேன். ஆனப்பறம் வெட்டி என்ன பிரயோஜனம்?"

மாமி சண்டை போடவில்லை. சாக்கடையோரம் கிடந்த கொம்புகளை ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு மாடியேறினாள். அகிலாண்டம் பின்னாலேயே போனாள்.

"விடுங்கோ மாமி, பகவான் கேப்பார் அவரை."

"பகவானுக்கு ஆயிரம் ஜோலி. நானே கேட்டுக்கறேன். அந்தக் கொட்டகையை அவர் கையால பிரிக்கணும். என் செடியை அவர் கையால அங்கயே நடணும். அதுவரைக்கும் நான் இந்த ஊரை விட்டுப் போறதா இல்லை."

இந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. முதலில் ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று ஏறும். ஓர் உயரம் வந்ததும் இரண்டாகப் பிரிந்து கவை விடும். பூவெல்லாம் கவைக்கு மேலேதான். மேலே ஒடித்த கொம்பை நட்டால், டின்னில் இருக்கும்போதே பூத்துவிடும். கீழே ஒடித்ததை நட்டால், அது பாடத்தை மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கும்: ஏற வேண்டும், கவை விட வேண்டும், அப்புறம்தான் பூவைப் பற்றிய யோசனை. மாமி மேல்கொம்புகளைத் தன் வீட்டு மாடி முகப்பில், கேலரியில், வரிசையாக டின்னிலும் ஓட்டை வாளியிலும் வைத்தாள். கீழ்க்கொம்புகளையும் எறியவில்லை. தனியாக ஒரு மூலையில் ஊன்றி, அவற்றுக்கும் தவறாமல் தண்ணீர் விட்டாள். பகையை வளர்க்கிறவள் செடிக்குத் தண்ணீர் விட மறப்பாளா?

அடுத்த குளிர்காலத்தில் மாமியின் கேலரி பூத்துத் தொங்கியது. பஞ்சு வீட்டுக்கு விருந்துக்கு வந்த அவருடைய மேலதிகாரி அண்ணாந்து பார்த்தபடியே நடந்து, ஸ்கூட்டர் கொட்டகையில் முட்டிக்கொண்டார். நெற்றியைத் தடவிக்கொண்டே, "மிஸ்டர் பஞ்சு, இது மட்டும் உங்கள் ஜன்னலோரம் இருந்தால் நான் வருஷா வருஷம் இங்கேதான் கிறிஸ்துமஸ்" என்றார். கம்பெனியில் மேனேஜர் நாற்காலி ஒன்று அடுத்த வருஷம் காலியாகவிருந்த சமயம். யாரை உட்கார வைப்பது என்பது அந்த நெற்றிக்குள் இருந்தது.

மறுநாள் காலை பஞ்சு மாடியேறினார்.

"மாமி, பழசையெல்லாம் மனசுல வெச்சுக்கப்படாது. ஒரே ஒரு கொம்பு."

"விஷச் செடியாச்சே மாமா?"

"விஷம்னா என்ன, நாம தின்னவா போறோம்?"

"கொழந்தேள்?"

"சொன்னாப் புரிஞ்சுக்கும் மாமி, சமர்த்துக் கொழந்தேள்."

மாமி மூலையிலிருந்து இருப்பதிலேயே பருமனான கீழ்க்கொம்பை எடுத்துக் கொடுத்தாள். பஞ்சுவுக்கு அதன் கனத்தைப் பார்த்து மகிழ்ச்சி. "நல்ல தடியாவே குடுத்திருக்கேளே!"

"உங்களுக்குக் குடுக்கறதாச்சே மாமா. ஆனா ரொம்பத் தீனி கேக்கும். மீன் அலம்பின ஜலம் விடணும்."

"சிவ சிவா! நம்மாத்துலயா?"

"நீங்களா குடிக்கப் போறேள்? செடிக்குன்னா."

மாமி பொய் சொல்லவில்லை. மீன் தண்ணீர் அருமையான உரம்தான். தன் செடிகளுக்கு மட்டும் தபேலா என்கிற எருமைக் கொட்டிலிலிருந்து சாணம் வாங்கிப் போட்டாள். அதைப் பஞ்சு கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்படித்தான் வெங்காயம் தொடாதவர் கோலிவாடாவுக்குப் போனார். செடி ராட்சசன் மாதிரி வளர்ந்தது. வெயில் ஏறினால் இலையெல்லாம் துணி போலத் தொங்கும். இரண்டு வேளையும் தண்ணீர் கேட்கும். குழாயில் தண்ணீர் வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பஞ்சு செடிக்குப் பிடித்தார், வீட்டில் குளிக்காமல் இருந்தார்கள். டின் போதாமல் எண்ணெய் டிரம் வாங்கினார். வீட்டைச் சுற்றி மீன் நாற்றம். மனைவி சுப்புலக்ஷ்மி பிறந்த வீடு போனாள். கட்டடத்தார் இவர் வந்தால் படியில் ஒதுங்கி நின்றார்கள். ரச வதந்தி பிறந்தது அப்போதுதான்.

எல்லாம் வந்தது, பூ மட்டும் வரவில்லை. டிசம்பர் நெருங்கியது.

"என்ன மாமி இது, எல எலயா விடறதே?"

மாமி கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தாள். "டிரம்முக்குள்ள வேர் சுத்திண்டு கெடக்கு மாமா. பூமி கேக்கறது. அரை நிழலா, சிமெண்டு இல்லாத எடமா..."

அப்படி ஓர் இடம்தான் இருந்தது. பஞ்சு கொட்டகையைப் பார்த்தார், நாற்காலியை நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, பனியனோடு, தகரத்தைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்தார். மாமி கேலரியில் மணையைப் போட்டு உட்கார்ந்து, காபியை ஆற்றி ஆற்றி, ஒரு தகரத்துக்கு ஒரு வாயாகக் குடித்தாள்.

டிரம்மிலிருந்து செடி வரவில்லை. வேர் இறுகிக் கிடந்தது. தாராவியில் டிரம் வெட்டும் கலீலுல்லாவைக் கூட்டி வந்தார்கள். திருநெல்வேலிக்காரர். உளியும் சுத்தியலுமாக டிரம்மை நெடுக்கில் பிளந்து, வேர் அறாமல் செடியைக் குழியில் இறக்கிக் கொடுத்தார். மண்ணைத் தள்ளி மிதித்தது பஞ்சு. மாமி இறங்கி வந்து, கூலி பேசப்போன பஞ்சுவைத் தடுத்தாள். "இது என் கணக்கு."

"காசு வேண்டாம்க்கா," என்றார் கலீலுல்லா, மாடியைக் காட்டி. "அந்தப் பூச்செடில ஒரு கம்பு குடுங்க. எம் பொஞ்சாதி சைனபுக்குப் பூவுன்னா உசிரு. ஆடு எட்டாத எடமாப் பாத்து வச்சுக்கிடுதேன்."

"தரேன், நிச்சயமாத் தரேன்."

கிறிஸ்துமஸுக்கு அதிகாரி வந்தார். ஜன்னலோரம் பச்சைக் குடை ஒன்று நின்றது, ஒரு மொட்டுக்கூட இல்லை. தலைக்கு மேலே மாமியின் கேலரி வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. "ஆ, வாசனை அங்கிருந்தல்லவா!" என்று அவர் மாடியேறினார். மாமி வரவேற்று நாற்காலி போட்டாள். ஃபோர்ட் ஆபீஸ் இங்கிலீஷில் செடியைப் பற்றிப் பேசினாள். கீழே இலை போட்டுக் காத்திருந்த பஞ்சு பலமுறை மேலே வந்து கூப்பிட, "யூ கேரி ஆன்" என்றார் அதிகாரி. நாற்காலி வேறொருவருக்குப் போனது.

"அந்தச் செடி பூக்கவே பூக்காதா மாமி?" என்று, வதந்தியை விசாரிக்கப் போன நான் அவளையே கேட்டேன்.

"ஏன் பூக்காம? கவை விட ஆரம்பிச்சுடுத்து. வர டிசம்பர்ல கொட்டும் பாருங்கோ. மாமா மார்ச்சுல ரிடையர்."

சொன்னபோது அவள் முகம் அத்தனை சாந்தமாக இருந்தது.

பஞ்சு அதை வெட்டவும் முடியாது. கட்டடத்துக்கே அழகு என்று, நட்ட கையோடு, சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டது அவர்தான். ஸ்கூட்டரை விற்றுவிட்டார். சாயங்காலங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து மேலே பார்க்கிறார். அவர் பார்க்கிற வரையில் மாமி மேல்கொம்பு ஒன்றையும் ஒடிக்கப் போவதில்லை. ஒரு பூ குறைந்தாலும் அவருக்கு அவ்வளவு நிம்மதி.

அதில்தான் சிக்கல். கலீலுல்லா நடையாய் நடக்கிறார். போன வாரம் மாமி மூலையிலிருந்து பருமனான கொம்பு ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது வேண்டாம்க்கா. செக்ரட்டரிக்குக் குடுத்த சாதில்லா இது? மேக்கம்பாத் தாங்க" என்று திண்ணமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமிக்கு முதல் தடவையாக முகம் கறுத்ததாம்.

தாராவியில் கலீலுல்லா வீட்டு வாசலில், அன்று பிளந்த டிரம்மின் பாதி, ஓரம் மழுக்கி, மண் நிரப்பி, ஆடு எட்டாத உயரத்தில் பலகை மேல் இருக்கிறது. சைனப் தினமும் அந்த வெறும் மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கிறாள்.