மாப்பிள்ளை கேட்ட பன்னிரண்டு நரம்புக் கிற்றார்

பன்னிரண்டு நரம்பு என்றால் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்றுதான் நான் முதலில் நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். முல்லைத்தீவுக் கரையில், கோவில் மணிக்கு எழும்பிச் செபமாலையோடு படுக்கப்போகிற வீட்டில் பிறந்தவனுக்குப் பன்னிரண்டு என்றதும் வேறு என்னதான் நினைவுக்கு வரும்? கிற்றாரில் ஆறு நரம்பு இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பெருநாளுக்குப் பைலா பாட வருகிறவர்கள் கையில் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் இன்னும் ஆறு என்றால் அது பாட்டுக்காக இருக்க முடியாது, வேதத்துக்காகத்தான் என்று என் மூளை தீர்ப்பு எழுதி முத்திரையும் குத்திவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா இல்லை. நான் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். எனக்குத் துணை அம்மான், அதாவது அம்மாவின் தம்பி. சொந்தமாக வள்ளமும் கரைவலையும் வைத்து ஆட்களை நடத்திய மனுசன். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள சாமான் எல்லாம் இரண்டே வகை: மிதக்கும், மிதக்காது.

மாப்பிள்ளை வாத்தியார். தங்கச்சியும் ஆசிரியை. அவள் படித்த அதே ஆசிரியர் கலாசாலையில்தான் அவரும் படித்தவர். நல்ல உயரம். கை ஒவ்வொன்றும் துடுப்புப் போல. அவரில் ஒரேயொரு சங்கதிதான் அம்மாவை உறுத்தியது. சுவாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் சேர்ந்து, இடையில் விட்டுவிட்டு வந்தவர் அவர். விட்டு வந்தவர் திரும்பிப் போகமாட்டார் என்று யார் பிணை நிற்பது?

சம்பந்தம் பேச மாப்பிள்ளையின் தகப்பன் வந்திருந்தார். தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"அவனுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாமாம். வீடும் வேண்டாம், வளவும் வேண்டாம். ஒரு கிற்றார் மட்டும் போதுமாம். பன்னிரண்டு நரம்பு உள்ளது."

வீடு கேட்டிருந்தால் அழுதிருப்போம், காணி கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்போம். இதற்கு என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. முதலில் கேட்டவர் அம்மான்.

"ஆறு நரம்பு காணாதோ?"

"காணாதாம்."

மாப்பிள்ளையின் தகப்பன் வாசல் படலையைத் தாண்டியதும் அம்மா என்னைப் பார்த்தா. "ஏன் மோனை பன்னிரண்டு?"

"அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரெல்லோ அம்மா" என்றேன் நான். சொல்லும்வரை அப்படி நினைத்திருக்கவில்லை. சொன்ன கையோடு நம்பிவிட்டேன். மனுசன் குருமடத்தை மறக்கவில்லை. கிற்றாரை வைத்துக்கொண்டு செபிக்கப் போகிறார். செபம் முற்றினால் ஒருநாள் விடியப்புறம் பெட்டியோடு குருமடத்துக்கே யாழ்ப்பாணத்துப் பஸ் ஏறிவிடுவார். என் தங்கச்சி விதவையும் இல்லாமல் கன்னியும் இல்லாமல் நடுவில் நிற்பாள். இவ்வளவும் அம்மா சிலுவை போட்டு முடிப்பதற்குள் என் தலைக்குள் நடந்து முடிந்துவிட்டது.

"அப்ப யூதாஸ் எந்த நரம்பு?" என்று கேட்டார் அம்மான்.

"பகிடி விடாதேங்கோ அம்மான்."

"பகிடியில்லை மருமோன். ஆளைத் தெரிஞ்சா கழட்டிப்போட்டு வாங்கலாமெல்லோ."

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. தங்கச்சிக்கும் நெஞ்சு பதறுகிறது என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

எங்கள் வழக்கப்படி கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்தல் வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்று. முதலாவது அறிவித்தல் வாசித்த அன்று, பூசை முடிந்து வெளியே வந்த என்னை மாப்பிள்ளை மணிக்கூண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"அண்ணை, அந்தக் கிற்றார்... கழுத்து ஒடுக்கமாப் பாருங்கோ."

"ஓம்."

"உடம்பும் சின்னனா இருந்தா நல்லம். நரம்பு பலகையோட ஒட்டினமாதிரி இருக்கவேணும். இல்லாட்டி விரல் நோகும்."

"ஓம் ஓம்."

"சின்னக் கைக்குப் பிடிக்கிறமாதிரி, அண்ணை."

நான் அவருடைய கையைப் பார்த்தேன். அந்தக் கையால் ஒரு பலாப்பழத்தை அப்படியே காம்போடு தூக்கலாம். அவர் போய்விட்டார். நான் அதே இடத்தில் நின்றேன். அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேரும் என் தலையை விட்டு ஒரே பஸ்ஸில் ஏறிப் போனார்கள். அவர்கள் இருந்த இடத்தில் ஒரு பொம்பிளை வந்து நின்றாள். முகம் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது. சின்னக் கை.

இதை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டுச் செலவில், எங்கள் கையாலேயே வாங்குவித்து, அந்தக் கைக்குக் கொடுக்கப் போகிறார்! அடுத்த நாள் கந்தோரில் வாய்க்கால் துப்புரவு பற்றி எழுதவேண்டிய குறிப்பில் 'ஒடுக்கமான கழுத்து' என்று எழுதி, பெரிய துரையிடம் ஏச்சு வாங்கினேன். தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்கிறார் சுவாமி. எனக்குத் தெரிந்த தடை ஒரு கையின் அளவு. அதைப் போய் எப்படிச் சொல்லுவது? சொல்லாமல் விட்டால் தங்கச்சியின் வாழ்க்கை போகும். சொல்லி அது பிழையென்றால் கலியாணம் போகும். அதற்குப் பிறகு அந்தக் கரையில் அவளை யார் கேட்டு வருவார்கள்?

அம்மானிடம் மட்டும் சொன்னேன். அவர் வலைக்கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முதல்ல சாமானைப் பாப்பம். எங்க கிடக்கு?"

வவுனியாவில் கிடந்தது. ரயில் கார்ட் ஒருவரின் குடும்பம், பறங்கி ஆட்கள், அவுஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள், கிற்றார் உட்பட வீட்டுச் சாமான்கள் விற்கிறார்கள் என்று கந்தோரில் கதை வந்திருந்தது. நானும் அம்மானும் மாங்குளத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். கார்ட் ரயிலோடு போயிருந்தார். அவருடைய மனுசி, கவுன் போட்ட நோனா, எங்களை உள்ளே கூப்பிட்டா. சின்னக் கைக்குப் பிடிக்கிற கிற்றார் வேண்டும் என்றேன். பெட்டிகளுக்கு நடுவே ஒரு கட்டில். கட்டிலில் இரண்டு கிற்றார், பக்கத்தில் பக்கத்தில், புருசன் பெண்சாதி படுத்திருப்பதுபோல. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. இரண்டிலும் பன்னிரண்டு நரம்பு.

"பெரிசு அவருக்கு. சின்னது எனக்கு" என்றா நோனா.

"நீங்களும் வாசிப்பீங்களோ?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த திடுக்கத்தை நோனா கேட்காததுபோல விட்டுவிட்டா.

அம்மான் வேலையைத் தொடங்கியிருந்தார். பெரியதைத் தூக்கி முதுகுப் பலகையைத் தட்டினார். காதை வைத்தார். மணந்து பார்த்தார். ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்து அடிப்பக்கம் முழுக்கத் தேடினார்.

"என்ன பாக்கிறீங்கள் அம்மான்?"

"எங்கயாவது தண்ணி எடுக்குமோ எண்டு."

பிறகு நரம்புகளில் கை வைத்தார். முகம் மாறியது. என்னைப் பக்கத்தில் இழுத்துக் காதுக்குள் சொன்னார். "மருமோன், ஏமாத்திப் போட்டினம். சோடி சோடியாக் கட்டியிருக்கு, ஆனா சோடி சரியில்லை. ஒண்டு தடிச்சு மொத்தம், ஒண்டு மெல்லிசு. ரெண்டு சோடிதான் ஒரே அளவு. மிச்சத்தில மொத்தத்தை உருவிப்போட்டு மெல்லிசைக் கொழுவியிருக்கினம்."

அம்மானின் காதுக்குள் கதை என்பது அலைக்கு மேலால் கேட்கிற கதை. நோனா சிரித்துக்கொண்டு சின்னக் கிற்றாரை எடுத்து மடியில் வைத்தா. தடித்த நரம்பை மட்டும் தட்டிக் காட்டினா. மெல்லியதை மட்டும் தட்டிக் காட்டினா. ஒரே சுரம்தான், மற்றது மேலே நின்று சொல்லுகிறது. பிறகு இரண்டையும் சேர்த்து, எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தா. கோவில் பெரிய மணியையும் பீடத்துச் சின்ன மணியையும் ஒரே நேரத்தில் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு ஆள் வாசிக்க இரண்டு ஆள் வாசிக்கிற சத்தம். அம்மான் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். நான் மட்டும் நோனாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னக் கை. அந்த ஒடுக்கமான கழுத்தை அது அளவாகச் சுற்றிப் பிடித்திருந்தது. மாப்பிள்ளை சொன்னது அப்படியே இதுதான்.

"சின்னக் கைக்கெண்டு கேட்டீங்கதானே தம்பி, இதை எடுங்கோ" என்றா.

"பெரிசைத் தாங்கோ" என்றேன்.

பஸ்ஸில் அம்மான் கேட்டார். "ஏன்ரா?"

"பொறி வைக்கிறன் அம்மான். தனக்கெண்டு கேட்டிருந்தா, அந்தக் கைக்குப் பெரிசு நல்லாப் பிடிக்கும், சந்தோசமா எடுப்பார். முகம் கறுத்துதெண்டால், அவளுக்குத்தான்."

"ஆருக்கு?"

"அந்தக் கைக்காரிக்கு."

அம்மான் என் பக்கம் திரும்பினார். "முகம் கறுத்தா கலியாணம் நிக்கும். அது விளங்குதோ உனக்கு?"

விளங்கியது. விளங்கியதால்தான் கிற்றாரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். றோட்டில் ஒவ்வொரு குழிக்கும் பன்னிரண்டும் சேர்ந்து முனகின. முன் சீற்றில் இருந்த மனுசி திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் எழும்பிப் போய் வேறு இடத்தில் இருந்துவிட்டா.

இரண்டாவது அறிவித்தலும் வாசித்தாயிற்று. அன்று பின்னேரம் மாப்பிள்ளையும் தகப்பனும் வந்தார்கள். கிற்றாரைக் கதிரையில் நிமிர்த்தி வைத்து, வெள்ளைத் துணியால் மூடியிருந்தேன். பார்க்கிறதற்கு யாரோ முக்காடு போட்டு இருப்பதுபோல இருந்தது. அம்மா, அம்மான், எல்லோரும் சுற்றிவர. துணியை இழுத்தேன்.

மாப்பிள்ளையின் முகம் கறுத்தது.

நான் பக்கத்தில் இருந்த அலுமாரியைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை கிற்றாரின் கழுத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார்.

"இது பெரிசெல்லோ அண்ணை."

"உங்கட கைக்கு அளவாத்தானே இருக்கு மாஸ்டர்?"

"என்ர கைக்கு ஓம்..."

"அப்ப ஆரின்ர கைக்குப் பெரிசு?"

அதட்டிக் கேட்கவேண்டும் என்றுதான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வந்தது கோழிக்குஞ்சின் சத்தம். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "என்ன கதை இது?" என்று தகப்பன் கதிரையை விட்டு எழும்பினார். அம்மா "மாதாவே" என்றா. மாப்பிள்ளை குசினிப் பக்கம் பார்த்தார். குசினிக்குப் பின்கதவு உண்டு. ஓடப் பார்க்கிறார்! நான் அலுமாரியை விட்டுப் பாய்ந்துபோய்க் குசினி வாசலில் கையை விரித்து நின்றேன். கலியாணம் முடிந்தது, தங்கச்சியின் சீவியம் என் வாயாலேயே முடிந்தது என்றே நினைத்தேன்.

முதுகுக்குப் பின்னால் தங்கச்சியின் குரல்.

"அண்ணா, கொஞ்சம் விலத்துங்கோ."

விலத்தினேன். அவள் தேங்காய்ப்பூக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து, மாப்பிள்ளையின் கையிலிருந்து கிற்றாரை வாங்கிக் கதிரையில் இருந்தாள். ஒரு காதைப் பலகைப் பக்கம் சாய்த்து, முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பத் தொடங்கினாள். பன்னிரண்டையும் சரிபார்க்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்காதீர்கள். பிறகு கோவிலில் பாடுகிற ஒரு மாதா பாட்டை வாசித்தாள். கழுத்து அகலம் என்பதால் இடைக்கிடை விரல் எட்டவில்லை. எட்டாத இடத்தில் நெற்றியைச் சுருக்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து பிடித்தாள்.

"இது ஆரடி உனக்குப் பழக்கினது?" என்றா அம்மா.

"கலாசாலையில ஒரு கன்னியாஸ்திரி மதர் பழக்கினவா, அம்மா."

"எங்களிட்டக் கேட்டிருக்கலாமே பிள்ளை" என்றேன் நான், அந்த வீட்டின் பெரிய மனுசன்.

"கேட்டிருந்தா வாங்கித் தந்திருப்பியளோ?" என்னை நேரே பார்த்துக் கேட்டாள். "பொம்பிளைப்பிள்ளைக்கு ஏன் கிற்றார் எண்டு கேட்டிருப்பியள். அவர் கேட்டா இல்லையெண்டு சொல்லமாட்டியள். அதான் அவரைக் கேக்கச் சொன்னனான்."

"அப்ப நீங்கள் ரெண்டுபேரும் முந்தியே கதைக்கிறனீங்களோ?" என்றார் அம்மான்.

அம்மா கதிரையைத் தேடிப்போய் உட்கார்ந்தா. மாப்பிள்ளை திரும்பவும் நிலத்தைப் பார்த்தார். தகப்பன் தன் மகனை, ஏதோ கடையில் மாறித் தந்துவிட்ட சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்தபிறகுதான் நான் மூச்சு விட்டேன். அம்மான் மெல்ல வந்து என் தோளில் கை போட்டார்.

"மருமோன், பொறிக்குள்ள நல்ல பெரிய எலி விழுந்திருக்கு. கந்தோரில வேலை செய்யிற எலி."

இரண்டொரு நாளில் பெரிய கிற்றாரை வவுனியாவுக்குக் கொண்டுபோய் நோனாவிடம் கொடுத்துவிட்டுச் சின்னதை எடுத்துவந்தேன். மூன்றாவது அறிவித்தலும் வாசித்தார்கள். கலியாணம் நடந்தது. கிற்றார் கேட்டது என் தங்கச்சி. மாப்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது.