இரண்டு சூளை, இரண்டு மீட்டர்

பத்து நாள் முன்பு ஒரு தப்பு செய்தேன். சோம்பேறித்தனம் என்று நீங்கள் சொல்லலாம்... அலுப்பு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

என் மனைவி சுமதிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் சினைப்பையில் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்துவிட்டது. முடியாதது ஒன்றுதான் – மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை. நோய் திரும்புகிறதா என்பதற்கு அந்த எண் ஒரு துப்பு கொடுக்குமாம். அதற்காக விருத்தாசலத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ். ரத்தம் கொடுக்க இரண்டு நிமிஷம், போய்வர ஒரு முழு நாள்.

இந்தத் தடவை ஜங்ஷன் பக்கத்து லேபிலேயே கொடுத்துவிடலாம் என்றேன். அவளும் தலையாட்டினாள். அவளுக்கும் அலுப்புதானே?

மறுநாள் ரிசல்ட் என் போனுக்கு வந்தது. 29. முப்பத்தைந்துக்குள் இருந்தால் நார்மல் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. ஆனால் போன தடவை வெறும் 14. நார்மல் என்று சொல்லும் ஒரு ரிப்போர்ட் மனுஷனை இவ்வளவு பயமுறுத்துமா? டீக்கடையில் வாங்கிய டீ கையிலேயே ஆறிப்போனது.

வீட்டில் "நார்மல்" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லையே?

"நம்பரு என்னங்க?"

சொன்னேன். சுமதி செராமிக் கம்பெனியில் சூளை சூப்பர்வைசர்.

"அந்தச் சூளை மீட்டரு ஒண்ணு காட்டும், இந்தச் சூளை மீட்டரு ஒண்ணு காட்டும். ரெண்டையும் பக்கத்துல வச்சு யாராச்சும் கணக்குப் பாப்பாங்களா?"

பாண்டிச்சேரி டாக்டரும் அதையேதான் சொன்னார் – கொஞ்சம் கோபமாக. லேபுக்கு லேப் மெஷின் மாறும். ஒரே இடத்தில் பார்த்துவந்தால்தான் ஏறியதா, இறங்கியதா என்று தெரியும். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யவும் முடியாது. பழைய லேபிலேயே மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

ரிசல்ட் வர மூன்று நாள். சுமதி வழக்கம்போல வேலைக்குப் போனாள். என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

வந்தது 15. பயப்பட ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர்.

"அலுப்பா இருந்தாலும் இனிமே இங்கயே வந்துடலாங்க" என்றாள், திரும்பும் பஸ்ஸில். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

போன தடவை பதினான்கு, இந்தத் தடவை பதினைந்து. அந்த ஒன்றைப் பற்றி... இதுவரை நாங்கள் இருவருமே பேசவில்லை.