சர்தார் தோளில் ஏறிய கொடும்பாவி

சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருஷம், பங்குனி மாதம். எங்கள் ஊர் திருமுல்லைவாயிலுக்குப் பக்கம். ஆவடியில் இருந்த பட்டாளத்து முகாமுக்கு மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். முகாமின் கோவேறு கழுதைகளுக்கு ரயிலில் வைக்கோல் வந்து இறங்கும். அதை ஏற்றிப்போய் கொட்டகையில் அடுக்க வேண்டும். அந்த வைக்கோலை இழுத்த என் மாடுகளுக்கோ விலா எலும்பை எண்ணிவிடலாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் எங்களை ஏமாற்றிவிட்டது. ஏரி வெடித்துக் கிடந்தது. கிணற்றில் வாளி விட்டால் சேறுதான் வரும்.

கொட்டகைக் காவலுக்கு ஒரு பஞ்சாபி சர்தார் இருந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. ஆனாலும் மாட்டைத் தடவிக்கொடுப்பதற்குப் பாஷை எதற்கு? கீழே சிந்தியதைக் கூட்டி என் மாடுகளுக்குப் போடச் சொல்லி சைகை காட்டுவார். முகாம் வாசலில் துணி தைத்த பூந்தமல்லித் தையல்காரருக்கு உருது தெரியும். அவர்தான் எங்களுக்கு நடுவில் வாய். சண்டை முடிந்துவிட்டது, சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், கோதுமை அறுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று சர்தார் பார்க்கும்போதெல்லாம் சொல்வாராம். ஊரில் வயதான அப்பா ஒருவர்தான். அந்த அறுப்பை விட்டால் வருஷம் முழுக்கச் சோறு கிடையாது.

இங்கே எங்கள் ஊரில் கொடும்பாவி இழுப்பது என்று முடிவானது. பங்குனியில் யாராவது மழை கேட்பார்களா என்று சிரிக்காதீர்கள். தாகத்துக்கு மாதக் கணக்கு தெரியாது. வைக்கோலால் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை கட்டி, ஊரின் பாவத்தையெல்லாம் அதன் தலையில் ஏற்றி, காலில் கயிறு கட்டித் தெருத் தெருவாக இழுப்போம். பெண்கள் நிஜச் சாவு போலவே மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் சுடுகாட்டில் கொளுத்துவோம். அந்தப் பாவி தொலைந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. அன்றைக்கு நான் வண்டி கட்டவில்லை. கயிற்றின் முன் பிடி என்னுடையது.

பொம்மை பாதித் தெரு தாண்டியிருக்கும். எதிரே சர்தார் வருகிறார். நான் வேலைக்கு வராததால் மாடுகள் பட்டினி கிடக்குமே என்று தலையில் ஒரு கட்டு வைக்கோல். வழிகாட்டத் தையல்காரர். பெண்கள் அலறுவதையும் ஒரு உடம்பு புழுதியில் காலால் இழுபடுவதையும் பார்த்தார். அவ்வளவுதான். கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என்னை ஒரு தள்ளு தள்ளி, அந்தக் கொடும்பாவியை அள்ளித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்புறம்தான் கனம் இல்லை என்பது உறைத்திருக்க வேண்டும். அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கரியால் எழுதிய மீசை.

ஒப்பாரி அப்படியே நின்றது. நான் புழுதியில் உட்கார்ந்து திருதிருவென்று விழித்தேன். பெரியப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

“இன்னாடா இது? இஸ்துகினு போனாதானே மழ வரும். தோள்மேல வச்சிகினாரே, இப்ப வருமா வராதா?”

யாருக்குத் தெரியும்? பாவியைத் தோளில் தூக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் முன்னோர் யாரும் சொல்லிவைக்கவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதற்குள் தையல்காரர் சர்தாரிடம் விஷயத்தை விளக்கினார். மழை என்றதுமே அவர் முகம் வெளுத்துப்போனது. பொம்மையை மெதுவாக இறக்கிவிட்டு, கொண்டுவந்த வைக்கோல் கட்டின் மேலேயே உட்கார்ந்து, வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி என்னென்னவோ பேசினார்.

தையல்காரர் எங்களிடம் திரும்பினார். “காலைல முகாம் ரேடியோவுல சொன்னாங்களாம் நைனா. வடக்க சமவெளி பூரா ரெண்டு நாளைக்கு மழையாம், ஆலங்கட்டி வேற வுழுமாம். இவுரு வயல்ல கோதும பழுத்து நிக்குது. நீங்க கூப்ட்ட மழதான் வழி தப்பி அங்க பூடுச்சான்னு கேக்கறாரு.”

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே என்று ஒருத்தர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை. மழை வேண்டாம் என்று ஒரு மனுஷன் கையெடுத்துக் கும்பிடுவதை அதுவரை நான் பார்த்ததில்லை. இத்தனை நாள் என் மாடுகளுக்கு வாய்க்கு ஏதாவது கொடுத்தவர் அவர். அந்த மாடுகளுக்காகத்தான் நான் மழை கேட்கிறேன். அந்த மழை அவர் வாயில் மண்ணைப் போடும் என்றால் நான் கயிற்றைப் பிடிப்பதா, விடுவதா?

“தனக்கு மிஞ்சிதான் தானம்” என்றார் பெரியப்பா. ஆனால் அவரும் கயிற்றைத் தொடவில்லை.

ஒப்பாரிக்கு முதல் குரல் கொடுப்பது என் அத்தை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அந்த அண்ணாத்தே ஊரு பேரு இன்னான்னு கேளு” என்றாள். அவர் சொன்னார். அத்தையின் நாக்கில் அது ஏறவில்லை. தையல்காரர் திரும்பத் திரும்பச் சொல்ல, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு மாரில் ஓங்கி அடித்து எடுத்தாள் பாருங்கள்: ஏரி காஞ்சு கெடக்குதே, இங்க வாடி மாரியம்மா, கோதும பழுத்து நிக்குதாம், அங்க போவாதடி மாரியம்மா. ஒவ்வொரு தடவையும் அந்த வாயில் நுழையாத ஊர்ப் பேரைச் சேர்த்துப் பாடினாள். மற்றப் பெண்களும் அதையே சொல்லி அழுதார்கள்.

சர்தாருக்கு மற்றது எதுவும் விளங்கியிருக்காது. தன் ஊர்ப் பேர் மட்டும் விளங்கியது. எழுந்து வந்து, கயிற்றில் என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். சுடுகாடு வரை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம்.

சில நாளில் எங்கள் ஊரில் ஒரு மழை பெய்தது. ஏரி நிறையவில்லை, கிணற்றில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. மாடுகள் பிழைத்தன. இழுத்ததால் வந்ததா, தூக்கியதால் வந்ததா என்று பெரியப்பா சாகும்வரை விவாதம் பண்ணினார். சர்தார் அதற்குள் ரயில் ஏறிவிட்டார். கோதுமை தப்பியதா என்பது எனக்குத் தெரியாது. மறு வருஷம் நாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். அந்த ஊர் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, அதுவும் தெரியாது. அத்தையும் போய்விட்டாள்.

இப்போதும் பங்குனியில் வடக்குச் சமவெளியில் மழை என்று செய்தியில் சொன்னால், எனக்கும் சரியாகச் சொல்ல வராத அந்த ஊர்ப் பேரை முணுமுணுத்து, அங்கே மட்டும் போகாதே தாயே என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்பது சரியா தப்பா என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை, கேட்பதையும் நான் நிறுத்தவில்லை.